பங்கருக்குள் ஒரு குடை

மதியத்துக்குப் பிந்திய வரலாற்றுப் பாடம். யோகமலர் ரீச்சர் போர்க்காலப் பத்திரிகைப் படமொன்றைக் கரும்பலகையில் ஒட்டினார். பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் நெருங்கி உட்கார்ந்து சிலர் சிரிக்கிறார்கள். நடுவில் ஒருவர் குடை பிடித்திருக்கிறார். ‘ஷெல்லடியிலும் தளராத மக்கள்’ என்று கீழே அச்சிட்டிருந்தது.

“இதை நம்பலாமோ?”

“ஏலாது ரீச்சர்,” என்றாள் சாருகா. “பங்கருக்குள்ள ஆர் குடை பிடிக்கிறது? படத்துக்காகச் சிரிக்க வைச்சிருக்கினம்.”

ரீச்சர் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஷெல் விழ விழ மேலயிருந்து மண் கொட்டும். சோத்துக்குள்ளயும் மண். அண்டைக்கு மாமா பொறுக்கேலாமல் குடையை விரிச்சார். எங்களுக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. மூலையில இருக்கிற பிள்ளை நான்தான்.”

சாருகா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஒராள் சொன்னால் காணாது, இன்னொராளும் சொல்லோணும் எண்டு நீங்கள்தானே ரீச்சர் படிப்பிச்சனீங்கள்?”

ரீச்சர் குடைக்குக் கீழிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். போய்க் கேட்டுவர அதில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“சரி பிள்ளையள். நாங்கள் சிரிச்சதுக்கு ஆதாரமில்லை எண்டு எழுதுங்கோ.”