தயாரிப்பாளரின் இருமல்

விவேகானந்தன் ஏமாந்த கதையைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். மனுசன் இன்னும் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்க உத்தியோகம். மக்கீன் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அறை. அறையில் ஓர் அலுமாரி. அலுமாரி நிறையப் பழைய உளவாளி நாவல்கள். அட்டைக்கு அட்டை ஒரு முகமூடிக்காரன், ஒரு துப்பாக்கி, தப்பினால் ஒரு வெடிகுண்டு.

கொழும்பில் குண்டு வெடித்து, கண்டியிலும் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்கள் அவை.

“சேர், இந்தப் பொஸ்தகங்கள எங்கயாச்சும் ஒளிச்சி வைங்க,” என்றார் மக்கீன். “செக்கிங் வாறவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படம் பாக்கத் தெரியும்.”

“முதலாளி, இது முப்பது வருசத்துக்கு முந்தி எழுதினது. விமானக் கடத்தல், தூதராலயத்தில குண்டு, எல்லாம் இதில கிடக்கு. இண்டைக்குப் பேப்பரைத் திறந்தால் இதைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு. இதை ஒளிக்கிறதெண்டால் பேப்பரையுமெல்லோ ஒளிக்க வேணும்?”

அதற்குமேல் ஒரு விரிவுரை. எத்தனை வேசம் போட்டாலும் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவாராம். பக்கத்தில் நின்று தலையாட்டியவள் முதலாளியின் மகள் உம்மு குல்சும். பதினாறு வயது. வானொலிச் செய்தி வாசிப்பவர் முதல் பஸ் கொண்டக்டர் வரை எல்லோரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைத் தொலைபேசி அடித்தது. குல்சும் அப்போது எதிர் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

அழைப்பு விவேகானந்தனுக்கு. பேசியவர் சென்னைப் படத் தயாரிப்பாளராம். கரகரத்த குரல், வாக்கியத்துக்கு ஓர் இருமல். பழைய உளவாளிக் கதைகளுக்குத்தான் இப்போது மவுசாம், இருப்பதெல்லாம் வேண்டுமாம். ஆனால் போட்டிக் கம்பனிக்காரர் வேவு பார்க்கிறார்களாம். ஆகவே புத்தகங்களை வெங்காய மூட்டைக்குள் புதைத்துக் கடைக்குள் வைத்துவிட்டு, குளக்கரை ஹோட்டலுக்கு வர வேண்டும். அடையாளம் சிவப்புக் குடை.

சிவப்புக் குடை என்றதும் மனுசன் தொபுக்கென்று விழுந்தார்.

சொன்னபடியே புத்தகங்களை வெங்காய மூட்டைக்குள் புதைத்துவிட்டு, கடையில் பாத்திரம் கழுவும் வேலாயியிடம் குடை இரவல் வாங்கினார். சிவப்புத்தான், ரோசாப்பூக்கள் வேறு. ஹோட்டல் வாசலில் மழைக்குள் நின்று, இருமியவர்களுக்கெல்லாம் குடையை ஆட்டிக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரர் டாக்சியென்று நினைத்தார். ஒரு கல்யாணக் கோஷ்டி அவரை வரவேற்பாளராக்கியது.

இன்னும் சிரிக்காதீர்கள்.

நனைந்த கோழியாகத் திரும்பியவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தயாரிப்பாளர் இருமிக்கொண்டிருந்தார், சட்டை பாவாடையில்.

“ஊர் கிடக்கிற கிடையில உனக்குப் பகிடியோ, பிள்ளை?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் அவர் பக்கம். யாழ்ப்பாணத்து மனுசனை இந்த நேரத்தில் தெருவில் அலைய விட்டது பெரிய பாவம் என்றார் ஒருவர், கொத்துரொட்டியை மென்றபடி. குல்சும் தலையைக் குனிந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

விவேகானந்தன் தடதடவென்று மாடி ஏறினார்.

அறைக் கதவு திறந்து கிடந்தது. மெத்தை தலைகீழ். நிலமெல்லாம் சப்பாத்துச் சேறு. அலுமாரி வாயைப் பிளந்திருந்தது. தட்டுகளில் இடுப்பில் கட்டும் இரண்டு சாரமும் ஒரு பவுடர் டின்னும்தான்.

இறங்கும்போது சத்தமில்லை.

“காலையில சார்ஜன் வந்து, படம் போட்ட பொஸ்தகம் வச்சிருக்கிறவர்ட ரூம் எதுண்டு கேட்டுட்டுப் போனாரு,” என்றார் மக்கீன். “சொன்னா நீங்க எங்க கேக்குறீங்க, சேர்? நீங்க போன கையோட வந்துட்டாங்க. ஒண்டும் கெடைக்கல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“என்ரை புத்தகங்கள்?”

மக்கீன் நாடியால் மூலையைக் காட்டினார். “சார்ஜன் அதுக்கு மேல இருந்துதான் குடிச்சாரு.”

விவேகானந்தன் வெங்காய மூட்டையைப் பார்த்தார். குல்சுமைப் பார்த்தார். ரோசாப்பூக் குடையை மெல்ல மடக்கினார்.

“தயாரிப்பாளர் ஐயா,” என்றார், தொண்டையைச் செருமி. “மூட்டை இன்னும் கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கட்டும், என்ன?”