சண்டை போடாத நாத்தனார்

“அக்கா தங்கச்சின்னு சொல்லிடுவோம். நீ மட்டும் முழிக்காம இரு” என்றாள் லிஃப்ட் மெக்கானிக், மூன்றாவது மாடிக்குப் படியேறிக்கொண்டே.

“முழிக்கிறது எப்பவும் நீதான்” என்றாள் நர்ஸ்.

இருவரும் நாலு வருடமாக ஜோடி. அது அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வாடகைக்குப் பார்க்கும் வீடுகளில் இது ஐந்தாவது. முதல் மூன்றில், கல்யாணமாகாத பெண்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள். நாலாவதில் எல்லாம் கூடிவந்த நேரத்தில், சாமான்களில் கட்டில் ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டுவிட்டார்கள். இப்போது இருக்கும் வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். இதுவும் கைநழுவினால், ஆளுக்கொரு பக்கமாக அவரவர் அம்மா வீடுதான். போனால் அடுத்த மாதமே மாப்பிள்ளை வந்து உட்கார்ந்திருப்பான்.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த தரகர் நின்று மூச்சு வாங்கினார். அவர் வீடும் பார்ப்பார், வரனும் பார்ப்பார். எது முதலில் அமைகிறதோ அது.

“தங்கமான குடும்பம்மா. ஓனரம்மாவோட வீட்டுக்காரர் வெளிநாட்டுல. நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகல, கூடவே வச்சுக் காப்பாத்துறாங்க. எனக்குத் தெரிஞ்சு, அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடாம இருக்கற ஒரே வீடு இதுதான்.”

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோடும் ரகம். உள்ளே சாப்பாட்டு மேசையில் நாத்தனார் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கண்ணாடியைத் தேடாதீங்க அண்ணி, நெத்தியிலதான் இருக்கு” என்றார் நாத்தனார் பவ்யமாக.

வீட்டுக்காரம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இருவர் பக்கமும் திரும்பினார். “ரெண்டு பேரும் எப்படிச் சொந்தம்?”

“இவ எங்க பெரியப்பா பொண்ணு” என்றாள் நர்ஸ்.

“இவ எங்க சித்தி பொண்ணு” என்றாள் மெக்கானிக், அதே நொடியில்.

நாத்தனாரின் ஸ்க்ரூடிரைவர் நின்றது. தரகருக்கு மூக்கில் வியர்த்தது.

“பெரியப்பா அப்பா வழி. சித்தி அம்மா வழி. ரெண்டும் எப்படிம்மா வரும்?” என்றார் அவர்.

நர்ஸ் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் ஃபேனைப் பார்த்தாள். இருவருமே நன்றாக முழித்தார்கள்.

“இதுல என்ன அதிசயம்?” என்றார் வீட்டுக்காரம்மா. “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியைக் கட்டியிருப்பாங்க. இவளுக்கு அவ பெரியப்பா பொண்ணு, அவளுக்கு இவ சித்தி பொண்ணு. இதுகூடத் தெரியாம நீங்கள்லாம் எப்படி வரன் பாக்கறீங்க?”

“அதேதான்” என்றார்கள் இருவரும். ஒருவரையொருவர் பார்த்தேயிராத அவர்களுடைய அப்பாக்கள் அந்த நிமிடத்தில் அண்ணன் தம்பி ஆனார்கள்.

தரகர் சுதாரித்துக்கொண்டார். “அப்ப வசதியாப் போச்சு. என் கையிலயும் அண்ணன் தம்பியா ரெண்டு வரன் இருக்கு. ஒரே நாள்ல முடிச்சிடலாம். காலாகாலத்துல ஒரு ஆம்பளைத் துணை வேணாமா? நீங்களே சொல்லுங்கம்மா.”

“கண்டிப்பா வேணும்” என்றார் வீட்டுக்காரம்மா. இருவர் முகமும் தொங்கிப்போனது. “ஆனா என் வீட்டுல வேணாம். எதிர்க்கதவு வீடுதான் காலியா இருக்கு. கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. ஒரு ஆம்பளையும் அந்த வாசப்படி தாண்டக் கூடாது.”

“சத்தியமா எவனும் தாண்ட மாட்டான்” என்றாள் மெக்கானிக். குரலில் இருந்த உற்சாகம் அளவுக்கு மீறிப் போனதால் நர்ஸ் அவள் காலை மிதித்தாள்.

“இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமா” என்று தரகர் உருகிப்போனார். “நாளைக்கே வரன் போட்டோவோட வரேன்.”

“வாசலோட நில்லுங்க” என்று சொல்லி அவரை அனுப்பிக் கதவைச் சாத்தினார் வீட்டுக்காரம்மா. பிறகு திரும்பினார்.

“இப்பச் சொல்லுங்க. யாரு பெரியப்பா, யாரு சித்தி?”

பொய் சொல்லிச் சொல்லி நர்ஸுக்கு அலுத்துவிட்டது. “யாரும் இல்லம்மா. எனக்கு இவதான், இவளுக்கு நான்தான். வீடு இல்லேன்னா சொல்லிடுங்க, போயிடறோம்.”

மெக்கானிக் அவள் கையைப் பிடித்தாள். பிடித்ததை விடவில்லை. வீட்டுக்காரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அந்தக் கைகளை நிதானமாகப் பார்த்தார்.

“அக்கா தங்கச்சியெல்லாம் சரிப்படாது. அப்பா, அம்மா, பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் ஒத்துப்போகணும். இனிமே யார் கேட்டாலும் நாத்தனார்னு சொல்லுங்க. நாத்தனாரோட ஒருத்தி ஆசைப்பட்டு இருப்பான்னு எவனுக்கும் தோணாது.”

“ஏண்டி, பிள்ளைங்களை நிக்க வச்சேவா பேசுவே? உக்காரச் சொல்லு, காபி போடறேன்” என்றார் நாத்தனார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நர்ஸுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. “உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுலேர்ந்து வந்து, விஷயம் தெரிஞ்சு, எங்களைக் காலி பண்ணச் சொன்னா?”

“அதை இவகிட்டதான் கேக்கணும். இவளோட அண்ணன்தானே அவரு” என்றார் வீட்டுக்காரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நாத்தனார் எழுந்து வந்து எதிர் வீட்டுச் சாவியை நர்ஸின் கையில் வைத்தார்.

“எனக்கு ஏதும்மா அண்ணன்? நான் எங்க வீட்டுக்கு ஒரே பொண்ணு.”