முதலாளி கை ரசம்

சாக்கடைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் தேவநாதன். செத்த எலி ஒன்று அகப்பட்டால் போதும், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டு ரோட்டில் தன் ஓட்டல் ஏன் ஈயடிக்கிறது என்பது தெரிந்துவிடும் என்று நம்பினார் மனுஷர்.

எலி இல்லை. சமையலுக்கு ஊற்றும் மல்லாட்டை எண்ணெயை மாற்றியாயிற்று, கிணற்றை இறைத்தாயிற்று. பாவம், சமையல்காரர் பச்சைமுத்துவை வெறும் சந்தேகத்தின் பேரில் விரட்டியும் ஆயிற்று.

"எழுந்திரிங்க. தேடாத எடமில்ல," என்றாள் மனைவி தையல்நாயகி. "எதிர்க் கடையில சாப்பிடுறானே சிக்கந்தரு, அவனையே போயி கேளுங்களேன்."

தேவநாதனுக்குச் சுருக்கென்றது. கோட்டக்குப்பத்து லாரி டிரைவர் சிக்கந்தர் பாட்சா, எண்பத்திரண்டில் கடை திறந்த நாளிலிருந்து இங்கே கை நனைத்தவன். அவன் இலைக்கு மட்டுமா? ஒவ்வொரு இலைக்கும் முதலாளியே குனிந்து ரசம் ஊற்றி, "இன்னும் கொஞ்சம்?" என்று உபசரிப்பார். அதற்காகவே லாரிகள் வரிசையில் நின்ற காலம் உண்டு. இப்போது அவனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்பதா? மானம் போகிற காரியம்.

கேட்காவிட்டால் கடையே போய்விடும். கையைக் கழுவிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, போட்டிக்காரன் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள்.

எதிரில் போய் உட்கார்ந்ததும், சிக்கந்தர் தன் தண்ணீர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டான்.

"இன்னா கொறை சிக்கந்தரு? மூஞ்சிக்கு நேரா சொல்லு. ரசமா? எண்ணெயா?"

"வுடுங்கண்ணே. சாப்பிடுற நேரத்துல இன்னாத்துக்கு பேஜாரு."

"பச்சைமுத்து எதுனா பண்ணானா? அவன தொரத்திட்டேன்பா. நீ வந்தா எல்லா லாரியும் வரும்."

"ஐயோ, அவர ஏண்ணே தொரத்துனீங்க? தங்கமான கையாச்சே!"

பதில் சொல்ல வாயெடுத்தார் தேவநாதன், இருமல் முந்திக்கொண்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அது அடங்கும் வரை குனிந்தே இருந்தார்.

"அடுப்புப் பொகைப்பா," என்றார் மூச்சு வாங்க. "நீ சொல்லு. எதுவானாலும் தாங்கிக்கிறேன்."

சிக்கந்தர் பாதிச் சோற்றோடு இலையை மடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பொகை இல்லண்ணே. எல எலயா குனிஞ்சு ரசம் ஊத்தறப்போ இருமிக்கினே இருக்கீங்களே... என்னப் பெத்த அத்தாவ வாரிக்கினு போன இருமலுண்ணே அது."