பூச்சுக்காரர் மேல் ஒரு புகார்

விமான இன்ஜின் பாகங்களுக்கு உலோகத்தை உருக்கிப் பூச்சு அடிக்கிற பட்டறையில் அவருக்குப் பதினோரு வருஷம். இதுவரை புகார் வந்ததில்லை. இன்று மேனேஜர் மேசையில், அவர் அடித்த பாகத்தின் நம்பரோடு ஒரு புகார்க் கடிதம் கிடந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு அவர் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“பூச்சுக்கு முன்னாடி மணல் அடிச்சுச் சுத்தம் பண்ணினியா?”

“பண்ணினேன் சார்.”

“அப்புறம் அது மேல வெறுங்கை பட்டுச்சா? கை எண்ணெய் பட்டா பூச்சு ஒட்டாதே.”

“க்ளவுஸைக் கழட்டவே இல்லை சார். மூக்கு அரிச்சதுக்குக்கூடச் சொறியலை.”

“பழுது பார்க்கிற கம்பெனிக்காரன் என்னைக் காய்ச்சி எடுக்கிறான்யா.”

“பறக்கும்போதே உரிஞ்சிடுச்சா சார்?”

“உரிஞ்சிருந்தாத்தான் தேவலையே. பூச்சுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு, எடுத்துட்டுப் புதுசு அடிக்கணும். மூணு பேர் ஒரு வாரமா உரிக்கிறாங்களாம், ஒரு செதில்கூட வரலை. எந்தப் புண்ணியவான் அடிச்சான்னு கேட்டு எழுதியிருக்கான்.”

“அப்போ வேலை போகாதில்ல சார்?”

“உன்னை அனுப்பிட்டு நான் எவனைத் தேடறது? போய்யா.”

அவர் போகவில்லை. “சார், அந்தக் கடிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு?”

“நான் ஒட்டினது எதுவும் நிக்காதுன்னு வீட்டுக்காரி சொல்லிட்டே இருக்கா சார், பாத்ரூம் டைல்ஸ் விழுந்ததிலேருந்து.”