பாதிப் பாவம்

"இந்தத் தாடியை நான் அவருக்குக் கட்டமாட்டன்!"

மோர்டன் பங்குக் கோயில் மண்டபத்தில் வனத்துச் சின்னப்பர் கூத்துக்குக் கடைசி ஒத்திகை. ஒப்பனைப் பொறுப்பாளர் கிளறிற்றா, புனிதரின் வெள்ளைத் தாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

எதிரே நிர்மலன், சாக்கு அங்கியும் மழித்த முகமுமாக. மூன்று வருடம் கூத்தில் வரும் சிங்கத்தின் பின்னங்கால்களாக ஆடி, இந்த வருடம்தான் சின்னப்பராக உயர்ந்தவன்.

"ஏன் பிள்ளை?" என்றார் கூத்துப் பழக்கும் றொஜன் அண்ணாவியார்.

"நேற்றுத் தவக்கால வெள்ளி, இறைச்சி தொடக்கூடாத நாள். பஸ்ஸில வரேக்க என்ர கண்ணால கண்டனான். சிக்கன் கடையில இருந்து இவர் கோழிக்கால் கடிக்கிறார்! காகம் கொண்டுவந்த பாதி அப்பத்தில அறுபது வருசம் சீவிச்ச புனிதரின்ர வேசம் இவருக்கோ?"

"உண்மையோ தம்பி?"

"ஓம் அண்ணாவியார். சாப்பிட்டனான்."

"ஏன் சாப்பிட்டனீர்?"

நிர்மலன் திரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

கிளறிற்றா விடுவாரா? "எங்கட வீட்டில தவக்கால வெள்ளியில பின்னேரம் வரைக்கும் அடுப்பே மூட்டிறேல்லை. எழுபத்தெட்டு வயசில எங்கட அப்பாவே ஒருநேரச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கிறார்!"

திரைக்குப் பின்னால் அவருடைய அப்பா செபமாலைமுத்து, கடதாசிக் காகத்தை மேடைக்கு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி கதிரையில் இருந்தார்.

அண்ணாவியார் தலையைச் சொறிந்தார். நாளைக்குக் கூத்து. ஆனால் ஊர்வாயை யார் மூடுவது?

"தம்பி, நீர் திரும்பச் சிங்கத்துக்கே போம்."

நான்கு மாதம் பாட்டெல்லாம் பாடமாக்கியவன் அவன். அங்கியைக் கழற்றத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமலே, அலகில் அப்பத்தோடு காகம் ஆடி ஆடி மேடைக்கு வந்தது. பின்னாலேயே, கயிறும் கையுமாகச் செபமாலைமுத்து.

"கழட்டாத மோனை! ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு உன்னட்டைக் கேட்டது என்ர பிழை."

பிறகு மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, நேற்று மத்தியானம் சுகர் இறங்கி, பஸ் ஸ்டொப்பில கைகால் நடுங்கிக்கொண்டு நிண்டனான். இவன்தான் பக்கத்துச் சிக்கன் கடைக்குள்ள கூட்டிக்கொண்டு போனவன். தூணுக்குப் பின்னால இருந்த என்னை நீ காணேல்லை."

கிளறிற்றாவின் கையில் தாடி தளர்ந்தது.

"அப்பவும் நான் மாட்டன் எண்டுதான் நிண்டனான். 'ஒருசந்தி நாளில சாப்பிட்டாப் பாவம், மகளும் ஏசுவாள்' எண்டன். 'அப்ப பாவத்தில பாதி எனக்கு ஐயா' எண்டு சொல்லிப்போட்டுத்தான், இவன் அந்தக் கோழிக்காலைக் கடிச்சவன்!"