பதிவாகாத நாலு வரி

"எங்கப்பன மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரன இந்த ஊரே பார்த்திருக்காது. அப்படியே போடுங்க. தடிச்ச எழுத்துல போடுங்க" என்றான், சுத்தியல் என்ற பெயரில் பாடுகிறவன்.

நிருபர் எழுதிக்கொண்டாள். நகரத்து ஹிப்ஹாப் பாடகர்களைப் பற்றிய தொடருக்காக அவள் அலையாத சந்து பாக்கியில்லை. இருட்டறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து தன் மேசையிலேயே முட்டிக்கொண்ட ஒருவனைப் பார்த்தாயிற்று. 'நான் பேச மாட்டேன், என் பீட் பேசும்' என்று ஆரம்பித்துச் சாயங்காலம்வரை வாயை மூடாத இன்னொருவனையும் சகித்தாயிற்று. கடைசிப் பேட்டி இது.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை. எதிரொலி அடங்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. கீழே யாராவது காற்றடிக்க வந்தால் மேலே ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்த அறையிலிருந்துதான் 'வெளிய போடா' என்ற பாட்டு ஊரெங்கும் போயிருந்தது. பாடப்போகிறேன் என்ற மகனை அப்பன் கொட்டும் மழையில் தள்ளிக் கதவைச் சாத்துகிற பாட்டு. வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் தேசிய கீதம்.

"பாட்டுல வர்றதெல்லாம் நிஜமா நடந்ததா?"

"எழுத்துக்கு எழுத்து நிஜம். 'இது பாட்டாடா, இல்ல ஏலம் விடுறியா?'ன்னு கேட்டாரு. நான் இன்னும் சத்தமாக் கத்துனேன். கழுத்தப் புடிச்சு வாசலுக்கு வெளிய தள்ளிட்டாரு. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை!"

"தூறல்" என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

மாஸ்டர்தான் சுத்தியலின் தயாரிப்பாளர். வழுக்கைத் தலை, கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, ஹிப்ஹாப்பா, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற மாதிரி ஒரு முகம். ஆனால் ஒலிப்பதிவு மேசையில் அவர் கை பட்டால் அடித்துக்கொள்ள ஆளில்லை என்று போட்டிக்காரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் மாஸ்டர், தூறல்னு பாடுனா கெத்து இருக்குமா? சளி புடிச்சவன் பாட்டு மாதிரி இருக்கும்."

"சரி, மழையே பெய்யட்டும்." அவர் ஒரு குமிழைத் திருகினார்.

நிருபர் சிரித்துவிட்டாள். "இவரை எங்க புடிச்சீங்க?"

"நான் எங்க புடிச்சேன்? பாட்டு வந்த மறுவாரம் அவரே வந்து படியில நின்னாரு. 'வரியெல்லாம் சரி, மிக்ஸிங்தான் குப்பை'ன்னாரு. உள்ள வாய்யான்னேன். அன்னிக்கு உட்கார்ந்தவருதான், கிளம்ப மாட்டேங்கிறாரு."

அன்று அந்தப் பாட்டின் இரண்டாம் பாகம் பதிவாக வேண்டியிருந்தது. சுத்தியல் கண்ணாடித் தடுப்புக்குள் போய் மைக்கைப் பிடித்தான். பாதிப் பாட்டுக்கு அப்பனைக் கிழித்துத் தோரணம் கட்டினான். பிறகு சட்டென்று குரல் இறங்கியது.

"கதவத் தொறன்னு தட்ட வரல,
கையில கல்லும் கொண்டு வரல,
கோவம் தூங்கிருச்சு, எழுப்ப வரல,
நீ தூங்குனியாப்பா? கேட்டுட்டுப் போக வந்தேன்."

நிருபர் அந்த வரிகளை அவசரமாக எழுதிக்கொண்டாள். மாஸ்டர் மேசைக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தார். எல்லாம் நின்றுபோயிருந்தது.

"பதிவாகல. வயர் போச்சு."

"மறுபடியுமா? நேத்தும் இதே இடத்துலதானய்யா போச்சு!"

"எதிர்க்கடையில வேற ஒண்ணு வாங்கிட்டு வா."

வயரைச் செய்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு சுத்தியல் படியிறங்கினான்.

நிருபர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வயருக்கு ஒரு கேடும் இல்லை. பிடுங்கிப் போட்டிருந்தது. அவ்வளவுதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவன் வயிற்றெரிச்சலை அடுப்பாக்கிக் குளிர்காய்கிற தயாரிப்பாளர்களை இந்த அலைச்சலில் அவள் நிறையப் பார்த்திருந்தாள். இந்த மனிதர் முகத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று தன்மீதும் எரிச்சல் வந்தது.

"வயர் நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் பிடுங்கிட்டீங்க."

"ம்."

"நேத்தும்?"

"நேத்தும்தான்."

"அவரு கோவமாப் பாடினாத்தான் ஓடும், இல்ல? மனசு ஆறிட்டா உங்க பொழப்பு நாறிடும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்த நாலு வரி இப்ப வேணாம்மா. திட்டுறது எல்லாம் இருக்கட்டும். அது போதும்."

"நான் எழுதத்தான் போறேன். பெத்த அப்பாவை மன்னிக்கக்கூட ஒரு பாடகனை விடாத தயாரிப்பாளர்னு, உங்க படத்தோட வரும். அவரு மனசு, அவரு அப்பா. மன்னிச்சிட்டுப் போறாரு. நடுவுல உங்களுக்கு என்ன சார் வந்துச்சு?"

படியில் சுத்தியல் தடதடவென்று ஏறிவரும் சத்தம் கேட்டது. மாஸ்டர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அவன்கிட்ட மன்னிப்பு வாங்குற அளவுக்கு, இந்த அப்பன் இன்னும் உருப்படியா ஒண்ணும் செய்யலைம்மா."