தடித்த செம்பு வயர்

மீன்சுருட்டி ஊர்க்காரர் கலியமூர்த்தியின் மகன் மஸ்கட்டிலிருந்து கேசட்டில்தான் பேசி அனுப்புவான். பழைய ஸ்பீக்கரில் அவன் பேச்சு பாதி புரியவில்லை. மனைவி செங்கமலம் குறைப்பட்டுக்கொண்டதால் கலியமூர்த்தி அரியலூருக்கு பஸ் ஏறினார்.

"நல்ல ஸ்பீக்கர் மட்டும் பத்தாதுங்க. வயரும் தடிச்ச செம்பா போடுங்க" என்றார் கடைக்காரர். இரண்டையும் வாங்கி வந்து மாட்டினார்.

மத்தியானம், போன மாதம் வந்த கேசட்டைப் போட்டார். மகன் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அடுப்படியிலிருந்த செங்கமலம் தன்னை மறந்து, "சாப்புட்டியாப்பா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றான் மகன்.

கலியமூர்த்தி டேப்பை நிறுத்தினார். கேசட் சுற்றுவது நின்றது. குரல் நிற்கவில்லை.

"ரசம் வாசம் இங்க வரைக்கும் வருதும்மா."

செங்கமலம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தாள்.

"மொதல்ல சாப்புடு. அப்புறம் பேசலாம்."